வாசகர் கேள்வி–பதில்: பேட்டரி போச்சா, சார்ஜிங் போச்சா?

ஸ்கூட்டரில் செல்ஃப் எடுக்காதது, சார்ஜ் ஏறாதது, பேட்டரி சீக்கிரமே படுத்துவிடுவது பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கீழே வரும் எண்கள் 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரிக்கானவை. சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று கையில் இருந்தால் இவற்றில் பெரும்பாலானவற்றை வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம்.

கேள்வி: ஆறு மாதத்துக்கு முன்தான் புது பேட்டரி போட்டேன். இப்போது மறுபடியும் காலையில் செல்ஃப் எடுப்பதில்லை. கிக்கர் அடித்தால் ஓடுகிறது. இன்னொரு பேட்டரி போடச் சொல்கிறார் மெக்கானிக். கோளாறு பேட்டரியிலா வேறெங்காவதா என்று நானே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும். கோளாறு சார்ஜிங்கில் இருந்தால், எத்தனை புது பேட்டரி போட்டாலும் சில மாதத்தில் அதே கதிக்குத்தான் வரும். உங்கள் வண்டியில் அப்படி நடந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். முனைகளை வயரின் வளையத்திலோ போல்ட்டின் தலையிலோ வைக்காமல், பேட்டரி டெர்மினலின் ஈயத்திலேயே அழுத்தித் தொட்டு மூன்று முறை அளக்க வேண்டும்.

முதலில், வண்டி ஓய்வாக நிற்கும்போது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் சாவி போடுவதற்கு முன் அளப்பது நல்லது. ஓடி நின்ற கையோடு அளந்தால் 13 வோல்ட்கூடக் காட்டும். அதை நம்பக் கூடாது, கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். 12.6 முதல் 12.8 வரை இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்கு. 11.8க்குக் கீழே போனால் காலி என்றே கொள்ளுங்கள். 10.5ஐ ஒட்டி நின்று, வெளியில் வைத்து சார்ஜ் போட்டும் ஏறாவிட்டால் ஆறு செல்லில் ஒன்று ஷார்ட் ஆகியிருக்கிறது. ஒரு செல்லுக்கு 2.1 வோல்ட், 12.6இல் அதைக் கழித்தால் 10.5. அந்த பேட்டரிக்கு வைத்தியம் கிடையாது.

இரண்டாவது, செல்ஃப் அடிக்கும்போது. இதற்கு பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நல்ல பேட்டரியும் தோற்றுவிடும். ஒருவர் ஸ்டார்ட் பட்டனை அழுத்த, இன்னொருவர் மீட்டரைப் பார்க்கட்டும். 10 வோல்ட்டுக்கு மேல் நின்றால் பேட்டரிக்குத் தெம்பு இருக்கிறது. 12.7 காட்டிக்கொண்டிருந்தது பட்டனை அழுத்தியதும் 9க்கோ 8க்கோ சரிந்தால் உள்ளே பிளேட்டுகள் போய்விட்டன. ஓய்வில் நல்ல வோல்ட் காட்டுவதை மட்டும் பார்த்து பேட்டரிக்கு நற்சான்று கொடுப்பவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

மூன்றாவது, எஞ்சின் ஓடும்போது. சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஹெட்லைட் எரிய, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்துப் பிடியுங்கள். பின் சக்கரம் சுற்றும். புடவை, துப்பட்டா, வேட்டி எல்லாம் எட்டி இருக்கட்டும். சக்கரத்தை நிறுத்தப் பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே ஆக்சிலரேட்டர் கொடுக்க வேண்டாம், கிளட்ச் ஷூ கருகிவிடும். நிமிடத்துக்கு 4,000 முதல் 5,000 சுற்று வேகத்தில் 13.8க்கும் 14.8க்கும் நடுவே காட்டினால் சார்ஜிங் ஒழுங்காக இருக்கிறது. ஐடிலில் 13ஐ ஒட்டி இருந்தால் கவலை வேண்டாம்.

ஓடும்போது 14 வந்து, செல்ஃப் அடிக்கும்போது சரிந்தால் பேட்டரி போய்விட்டது. ஓடும்போதும் 12.3, 12.4 என்று அசையாமல் நின்றாலோ, ஹெட்லைட் போட்டதும் இன்னும் இறங்கினாலோ பேட்டரியின் மேல் பழி போடாதீர்கள். அடுத்த கேள்விக்குப் போங்கள்.

கேள்வி: ஓடும்போது 12.3 வோல்ட்டுக்கு மேல் ஏறுவதே இல்லை. மேக்னெட் காயிலை மாற்றச் சொல்கிறார் ஒருவர், ரெகுலேட்டரை மாற்றச் சொல்கிறார் இன்னொருவர். எதை நம்புவது?

பதில்: இரண்டு பேரையும் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லுங்கள். எஞ்சின் சுற்றும்போது மின்சாரம் உண்டாக்குவது காயில். அதை டிசியாக்கி, பேட்டரிக்கு ஏற்ற வோல்ட்டில் அனுப்புவது ரெகுலேட்டர். இரண்டுக்கும் நடுவில் வயர்களை இணைக்கும் கப்ளர் ஒன்று இருக்கிறது. பாதி நேரம் குற்றவாளி அதுதான். மஞ்சள் வயர்கள் போகும் அந்த வெள்ளை பிளாஸ்டிக் கப்ளரைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பின்னைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் பழுப்பேறியோ உருகியோ, வயரின் தோல் விறைத்துக் கருத்தோ இருந்தால் இடம் கிடைத்துவிட்டது. பின் தளர்ந்து அரை ஓம் தடை வந்தால்கூடப் போதும். அதன் வழியே 5 ஆம்பியர் போனால் 12.5 வாட், 10 ஆம்பியர் போனால் 50 வாட் வெப்பம் அந்தச் சின்ன இடத்தில் உண்டாகும். சாண்ட்பேப்பர் போட்டுத் தேய்த்து மாட்டினால் ஒரு மாதம் ஓடும், மறுபடி கருகும். பின்னையும் கூட்டையும் புதிதாகப் போட வேண்டும்.

கப்ளர் சுத்தமாக இருந்தால் பெரிய ஃபியூஸைப் பாருங்கள். பிறகு ரெகுலேட்டரின் சிவப்பு வயர் பின்னுக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே அளந்து, பேட்டரி வோல்ட் அங்கே வருகிறதா என்று பாருங்கள் (சில வண்டிகளில் சாவி போட்டால்தான் வரும்). வராவிட்டால் நடுவில் வயர் அறுந்திருக்கிறது. காயில் எவ்வளவு உற்பத்தி செய்தாலும் அது பேட்டரிக்கு வந்து சேராது.

அதற்குப் பிறகுதான் காயில், அதாவது ஸ்டேட்டர். மூன்று மஞ்சள் வயர் வரும் த்ரீ ஃபேஸ் வண்டி என்று வைத்துக்கொள்வோம். எஞ்சினை நிறுத்தி, கப்ளரைக் கழற்றி, மீட்டரை 200 ஓமில் வையுங்கள். முதலில் மீட்டர் முனைகள் இரண்டையும் ஒன்றோடொன்று தொடுங்கள். 0.2, 0.3 என்று ஏதாவது காட்டும். அது மீட்டர் வயரின் தடை, வரும் அளவிலிருந்து கழித்துவிடுங்கள். மஞ்சளுக்கும் மஞ்சளுக்கும் இடையே மூன்று ஜோடியையும் அளந்தால் மூன்றும் ஒரே மாதிரி, பொதுவாக 1 ஓமுக்கு அக்கம்பக்கத்தில் வர வேண்டும். எந்த மஞ்சளுக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே தொடர்பு இருக்கவே கூடாது. இருந்தால் காயிலின் இன்சுலேஷன் கருகி எர்த் ஆகிவிட்டது.

அடுத்து, கப்ளர் கழற்றியபடியே எஞ்சினை ஓடவிட்டு, மீட்டரை ஏசி 200 வோல்ட்டில் வைத்து அதே மூன்று ஜோடிகளை அளக்க வேண்டும். வண்டிக்கு வண்டி எண் மாறும். ஆக்சிலரேட்டர் கொடுக்கக் கொடுக்க வோல்ட் சீராக ஏற வேண்டும். 5,000 சுற்றில் 40, 50 வோல்ட்டைத் தாண்டுவது சகஜம். எண்ணைவிட மூன்று ஜோடியும் சமமாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். இரண்டு ஜோடி 50, ஒன்று 25 என்றால் காயில் போய்விட்டது. குளிர்ந்த எஞ்சினில் எல்லாம் சரியாக வந்து, இருபது நிமிடம் ஓடிய பிறகு சார்ஜ் விழுகிறதென்றால் சூடாக இருக்கும்போதே மறுபடி அளந்து பாருங்கள். சூட்டில் மட்டும் எர்த் ஆகும் காயில்கள் உண்டு.

காயில் மூன்று சோதனையிலும் தேறிவிட்டது, வயரும் கப்ளரும் சரி, ஆனாலும் 14 வரவில்லை என்றால் மிச்சம் இருப்பது ரெகுலேட்டர்தான். இப்படி மற்றதை எல்லாம் கழித்து அதைக் கண்டுபிடிப்பதே நம்பகமான வழி. மீட்டரின் டயோடு நிலையில் நேரடியாகவும் பார்க்கலாம்: சிவப்பு வயர் பின்னுக்கும் ஒவ்வொரு மஞ்சள் பின்னுக்கும் இடையே இரு திசையிலும் ஏறக்குறைய பூஜ்யம் காட்டினால் உள்ளே ஷார்ட், சந்தேகமே வேண்டாம். ஆனால் இரு திசையிலும் ஒன்றும் காட்டாவிட்டால் உடனே குப்பையில் போடாதீர்கள். சில ரக ரெகுலேட்டர்களில் அப்படித்தான் காட்டும்.

இரண்டு எச்சரிக்கை. பழைய ஸ்கூட்டர்களில் சார்ஜிங்குக்கு ஒரு வயர், லைட்டுக்கு ஒரு வயர் என்று வரும். காயிலின் மறுமுனை எஞ்சின் உடலிலேயே எர்த் ஆகியிருக்கும். அங்கே எர்த்துக்குத் தொடர்பு காட்டுவது கோளாறே இல்லை. இன்னொன்று, பட்டனை அழுத்தினால் சத்தமே இல்லாமல் ஸ்டார்ட் ஆகும் புதிய வண்டிகளில் ஸ்டார்ட்டரும் ஜெனரேட்டரும் ஒரே மோட்டார். அதன் மூன்று வயரும் கண்ட்ரோல் யூனிட்டுக்குப் போகின்றன. அதைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓட்டிப் பார்க்கும் சோதனை அங்கே வேண்டாம்.

கேள்வி: ஹெட்லைட் பல்பு, டெயில் பல்பு எல்லாம் அடிக்கடி போகிறது. பேட்டரி பக்கவாட்டில் உப்பியிருக்கிறது. ஓடும்போது 15.8 காட்டுகிறது.

பதில்: ஓவர்சார்ஜ். 15ஐத் தாண்டினாலே ஆபத்து. கூடுதல் மின்சாரம் பேட்டரித் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் வெளியேற்றும். சீல் செய்த பேட்டரியில் அது உடலையே உப்ப வைக்கும். அழுகின முட்டை வாடை வந்தால் வண்டியை நிறுத்திவிடுங்கள், பக்கத்தில் தீப்பொறி வேண்டாம்.

ரெகுலேட்டரை வாங்குவதற்கு முன் அதன் எர்த்தைப் பாருங்கள். பச்சையோ கருப்போ, எர்த் வயர் சேஸியில் மாட்டியிருக்கும் போல்ட்டில் துரு ஏறினால், ரெகுலேட்டர் பேட்டரியின் வோல்ட்டைக் குறைவாக இருப்பதாக எண்ணிக்கொண்டு மேலும் மேலும் ஏற்றும். எஞ்சின் ஓடும்போது ரெகுலேட்டரின் எர்த் பின்னுக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே டிசியில் அளந்தால் 0.1, 0.2க்கு மேல் வரக் கூடாது. வந்தால் அந்த போல்ட்டைக் கழற்றி, வெள்ளி மாதிரி பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து இறுக்குங்கள். அப்படியும் 15.8 நின்றால் ரெகுலேட்டர்தான்.

உப்பிய பேட்டரியை மறுபடி மாட்ட வேண்டாம். ரெகுலேட்டரைச் சரி செய்யாமல் புதியதை மாட்டவும் வேண்டாம்.

கேள்வி: தினமும் ஓட்டினால் பிரச்சினை இல்லை. பத்து நாள் ஊருக்குப் போய் வந்தால் பேட்டரி செத்துக் கிடக்கிறது. சார்ஜிங் 14.2 காட்டுகிறது.

பதில்: எங்கோ கசிகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 5 ஆம்பியர்-அவர் (அதாவது 5 ஆம்பியரை ஒரு மணி நேரம் கொடுக்கும் அளவு) கொள்ளளவுள்ள பேட்டரியில், வண்டி நிற்கும்போது 20 மில்லி ஆம்பியர் கசிந்தால் 250 மணி நேரத்தில், அதாவது பத்தே நாளில் முழுக்கக் காலி. அதே கசிவு 2 மில்லி ஆம்பியராக இருந்தால் நூறு நாள் தாங்கும். உங்கள் பத்து நாளுக்கு இந்தக் கணக்கு பொருந்தி வருகிறது.

சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் செருகி, ஒரு முனையைக் கழற்றிய வயரிலும் மறுமுனையை மைனஸ் டெர்மினலிலும் தொடுங்கள். எண் சின்னதாக இருந்தால் மில்லி ஆம்பியர் துளைக்கு மாற்றலாம். மீட்டர் இப்படி இருக்கும்போது மறந்தும் சாவி போடவோ செல்ஃப் அடிக்கவோ கூடாது. மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். அளந்து முடித்ததும் சிவப்பு வயரை வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். ஆம்பியர் துளையிலேயே விட்டு அடுத்த நாள் பேட்டரி வோல்ட்டை அளந்தால் நேரே ஷார்ட்தான்.

ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர் வரை கடிகாரம், கண்ட்ரோல் யூனிட் இவற்றுக்குப் போகும்; அது கணக்கில் சேர்த்தி இல்லை. அதற்கு மேல் காட்டினால் முதலில் பிற்பாடு மாட்டியதை எல்லாம் சந்தேகப்படுங்கள்: திருட்டு அலாரம், ஜிபிஎஸ், பேட்டரியிலிருந்து நேரே வயர் எடுத்த மொபைல் சார்ஜர். போன் செருகாவிட்டாலும் அந்த சார்ஜர் தின்னும். ஒவ்வொன்றாகக் கழற்றி மீட்டரைப் பாருங்கள். எதுவும் இல்லையென்றால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுங்கள். எதை எடுத்ததும் எண் விழுகிறதோ அந்த லைனில்தான் கசிவு. கடைசியாக ரெகுலேட்டரின் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே டயோடு கெட்டிருந்தால் சார்ஜ் 14.2 காட்டிக்கொண்டே, நிற்கும்போது பின்வழியாகக் கசியவும் செய்யும்.

கேள்வி: பட்டனை அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும். பேட்டரி 12.7 இருக்கிறது, ஹார்ன் நன்றாக அடிக்கிறது.

பதில்: ஹார்னுக்கு இரண்டு மூன்று ஆம்பியர் போதும், ஸ்டார்ட்டருக்கு அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் வேண்டும். ஆகவே ஹார்ன் அடிப்பது எதையும் நிரூபிக்காது. 'டிக்டிக்டிக்' என்று தொடர்ந்து அடித்தால் பேட்டரி பலவீனம் அல்லது டெர்மினல் தளர்வு. உங்களுக்குக் கேட்பது ஒரே ஒரு திடமான 'டிக்'. ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் சுவிட்சான ரிலே இழுக்கிறது, ஆனால் மின்சாரம் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை, அல்லது சேர்ந்தும் மோட்டார் சுற்றவில்லை.

பட்டனை அழுத்திக்கொண்டே மூன்று இடத்தில் டிசி வோல்ட் அளங்கள். ரிலேயின் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு இடையே 0.2க்கு மேல் வந்தால் ரிலேயின் உள் கான்டாக்ட் கருகிவிட்டது. பேட்டரி மைனஸுக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே 0.3க்கு மேல் வந்தால் எர்த் கேபிள். இந்த இரண்டும் சரி, ஸ்டார்ட்டர் மோட்டாரின் போல்ட்டுக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே 11, 12 வோல்ட் முழுசாக வந்தும் மோட்டார் அசையவில்லை என்றால் மோட்டாரின் சுற்றும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. மோட்டாரின் உடலில் மெதுவாகத் தட்டியதும் ஒருமுறை சுற்றினால் அது உறுதி.

'டிக்' சத்தமே இல்லை என்றால் பேட்டரிப் பக்கம் போக வேண்டாம். பிரேக் பிடித்தால் பிரேக் லைட் எரிகிறதா பாருங்கள். எரியாவிட்டால் பிரேக் சுவிட்ச் வேலை செய்யவில்லை, செல்ஃபும் எடுக்காது. அடுத்தது சைடு ஸ்டாண்டு சுவிட்ச்.

கேள்வி: தினமும் 2 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறேன். அதனால்தான் பேட்டரி இறங்குகிறது என்கிறார்கள். உண்மையா?

பதில்: பாதி உண்மை. ஸ்டார்ட்டர் 50 ஆம்பியர் வீதம் 3 விநாடி இழுத்தால் செலவாவது 42 மில்லி ஆம்பியர்-அவர்தான். நிகரமாக 1 ஆம்பியர் சார்ஜ் ஏறினால், வழியில் வீணாவதையும் சேர்த்து, மூன்று நான்கு நிமிடத்தில் திரும்பிவிடும். சிக்னலில் ஐடிலில் நிற்பதுதான் மோசம். அப்போது காயிலின் உற்பத்தி மிகக் குறைவு; 35 வாட் ஹெட்லைட் மட்டுமே இரண்டரை ஆம்பியருக்கு மேல் எடுக்கும். கூடவே ஃபாக் லைட், மொபைல் சார்ஜர் என்று மாட்டியிருந்தால் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கடன் ஏறும். பேட்டரி 12.4க்குக் கீழேயே வாரக்கணக்கில் கிடந்தால் பிளேட்டில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டுவிடும். பிறகு சார்ஜ் போட்டாலும் முழுக் கொள்ளளவு திரும்பாது. மாதத்துக்கு ஒருமுறை வெளி சார்ஜரில் ராத்திரி முழுக்கப் போடுங்கள்.

கேள்வி: கார் பேட்டரி சார்ஜர் வீட்டில் இருக்கிறது. அதையே போடலாமா?

பதில்: அது எத்தனை ஆம்பியர் கொடுக்கிறது என்று பாருங்கள். பேட்டரிக் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குதான் கணக்கு: 5 ஆம்பியர்-அவருக்கு அரை ஆம்பியர். கார் சார்ஜர்கள் பல 4, 6 ஆம்பியர் தள்ளும். சின்ன பேட்டரி கொதித்துவிடும். ஸ்கூட்டருக்கான தானியங்கி சார்ஜர் தனியாகக் கிடைக்கிறது. சார்ஜ் போடும்போது பேட்டரியை வண்டியிலிருந்து கழற்றிவிடுவது நல்லது. கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். இல்லாவிட்டால் ஸ்பேனர் பிளஸ்ஸுக்கும் சேஸிக்கும் நடுவில் பட்டு ஷார்ட் ஆகும்.

கேள்வி: பேட்டரியைக் கழற்றிவிட்டு கிக்கர் அடித்து ஓட்டலாமா? என் நண்பர் பழைய கார்புரேட்டர் வண்டியை அப்படித்தான் ஓட்டுகிறார்.

பதில்: அவர் வண்டி ஓடும், இக்னிஷனுக்குத் தனிக் காயில் இருக்கிறது. ஆனால் எந்த வண்டியிலும் அதைப் பழக்கமாக்க வேண்டாம். ரெகுலேட்டரிலிருந்து வரும் வோல்ட் ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொள்வது பேட்டரிதான். அது இல்லாவிட்டால் பல்பும் ஹார்னும் அடி வாங்கும். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் கண்ட்ரோல் யூனிட்டே போகலாம். ஓடிக்கொண்டிருக்கும்போது டெர்மினலைக் கழற்றி 'சார்ஜ் ஆகிறதா' என்று பார்க்கும் பழைய பழக்கமும் இதே ஆபத்துதான்.

கேள்வி: புதிதாக வாங்கிய பேட்டரியில் ஆசிட் ஊற்றிய அரை மணியில் கடைக்காரர் வண்டியில் மாட்டிவிட்டார். சரியா?

பதில்: சரியில்லை. உலர்ந்த நிலையில் வரும் பேட்டரியில் ஆசிட் ஊற்றி, பிளேட் ஊறும்வரை அரை மணி முதல் ஒரு மணி நேரம் வைத்து, பிறகு பத்தில் ஒரு பங்கு கரண்டில் சில மணி நேரம் முதல் சார்ஜ் போட்ட பிறகே மாட்ட வேண்டும். அந்த முதல் சார்ஜைத் தவிர்த்த பேட்டரி கடைசிவரை முழுக் கொள்ளளவுக்கு வராமலே போகலாம். உங்களுடையது மாட்டிச் சில நாள்தான் ஆகிறது என்றால் இன்றே கழற்றி சார்ஜ் போடுங்கள். மூடி திறக்கும் ரகமாக இருந்தால் மட்டம் மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவில் இருக்கட்டும். குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள், ஆசிட் வேண்டாம். மாட்டும்போது, பேட்டரியின் வாயு வெளியேறும் அந்த மெல்லிய பிரீதர் குழாய் மடங்கிக் கிடக்கிறதா என்று பார்த்து, அதன் முனை சேஸியில் படாதபடி கீழே விடுங்கள். சொட்டும் ஆசிட் பெயின்ட்டை மட்டுமல்ல, பக்கத்தில் போகும் வயரையும் தின்றுவிடும்.